பணத்துக்கு ஒரு மெயில், முகம் காட்டாம ஒரு மெயில்



ஜூலை மாசம் வந்துட்டா என் சேனல் இன்பாக்ஸ் ஆடிட்டர் ஆபீஸ் அலமாரி மாதிரி ஆயிடும். ரிட்டர்ன் ஃபைலிங் பத்தி ஒரு வீடியோ போட்டா போதும், அன்னைக்கு ராத்திரியே ஃபார்ம் 16 வந்து குவியும். "அக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." வீடியோல பாத்த முகம், அவ்வளவுதான் உங்களுக்கு என்னைத் தெரியும். ஆனா உங்க பேர், பான், விலாசம், சம்பளம், கம்பெனி பேர் எல்லாம் ஒரே பிடிஎஃப்ல என் கையில. அதுவும் நிறைய பேர் ஆபீஸ் மெயில் ஐடியிலிருந்து அனுப்பறாங்க.

அந்தக் கூட்டத்துல ஒரு மெயில் மட்டும் வேற மாதிரி இருந்தது. பேர் இல்ல. ஐடி வெறும் எழுத்தும் நம்பருமா இருந்தது. "பேர் சொல்ல விரும்பல அக்கா. எங்க கம்பெனியில 7 மாசமா சம்பளத்துல பிஎஃப் பிடிக்கறாங்க, பாஸ்புக்ல ஒரு ரூபாய் ஏறல. கேட்டா வேலை போயிடும். என்ன பண்றது?" கூடவே சம்பள ஸ்லிப் இருக்கற ஒரு டிரைவ் லிங்க். கிளிக் பண்ணினேன். அந்த ஃபைலோட ஓனர்னு முழுப் பேரும், சிரிச்ச முகமா ஒரு போட்டோவும் வந்து நின்னுது. தம்பி புது மெயிலை மறைச்சு மறைச்சு ஆரம்பிச்சுட்டு, ஃபைலைப் பழைய அக்கவுன்ட்லேர்ந்து ஷேர் பண்ணியிருக்கார்.

அவர் என்கிட்ட அனுப்பினதால பரவாயில்ல. அதே லிங்க்கை ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்தா? அதனால இன்னிக்கு வரி வேண்டாம், மெயில் பத்திப் பேசலாம்.

முதல்ல ஒரு கேள்வி: யார்கிட்டேர்ந்து மறைக்கணும்? இதுக்குப் பதில் தெரியாம பிரைவசி ஆப் பத்தாவது இறக்கினாலும் பிரயோஜனம் இல்ல. முதலாளிகிட்டேர்ந்து மறைக்கறது வேற, கோர்ட் உத்தரவுகிட்டேர்ந்து மறைக்கறது வேற. சுவிட்சர்லாந்துல இருக்கற புரோட்டான் மெயில் ரகசியத்துக்குப் பேர் போனது. அவங்களே 2021-ல, சுவிஸ் சட்டப்படி உத்தரவு வந்ததும், பிரான்ஸ்ல ஒரு போராட்டக்காரரோட ஐபி அட்ரஸைக் கொடுக்க வேண்டி வந்தது. மெயில்ல எழுதியிருந்தது பூட்டியே இருந்தது, ஆனா எங்கேர்ந்து லாகின் ஆச்சுன்றது வெளியே போச்சு. நம்ம ஊர்லயும் 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வெச்சிருக்கணும். ஸோ, முழுசா மாயமாகறது கஷ்டம். ஆனா நம்ம தம்பிக்கு வேண்டியது ஹெச்ஆருக்குத் தெரியாம இருக்கறது. அது தாராளமா முடியற காரியம்.

எப்படின்னா, ஆபீஸ் லேப்டாப்பையும் ஆபீஸ் வைஃபையையும் தொடவே கூடாது. அந்த லேப்டாப்ல நீங்க என்ன டைப் பண்றீங்கன்னு பார்க்கற வசதி ஐடி டீமுக்கு இருக்கலாம், இன்காக்னிட்டோ விண்டோ இதுக்கு ஒண்ணும் செய்யாது. சொந்த போன், சொந்த டேட்டா. அதுலயும் தினமும் பயன்படுத்தற குரோம்ல இல்லாம தனி பிரவுசர்ல தொடங்குங்க. ஜிமெயில் பெரும்பாலும் மொபைல் நம்பர் கேட்கும். கொடுத்தா ஹெச்ஆருக்குத் தெரியாது, ஆனா கூகுளுக்கு அது நீங்கதான்னு தெரியும். புரோட்டான், டூட்டா மாதிரி சர்வீஸ்ல நம்பர் இல்லாமலேயே தொடங்க முடியும்.

ரெக்கவரி மெயில்னு கேட்கற இடத்துல எல்லாரும் வழுக்கி விழறாங்க. அங்க உங்க நிஜ ஐடியைப் போட்டா, வேற யாராவது 'பாஸ்வேர்டு மறந்துட்டேன்'னு அமுக்கினா அதோட ஓரிரு எழுத்தோ, போன் நம்பரோட கடைசி 2 இலக்கமோ திரையில தெரிய வாய்ப்பிருக்கு. உங்களைத் தெரிஞ்சவங்களுக்கு அதுவே போதும். அதனால காலியா விடுங்க. பாஸ்வேர்டைப் பேப்பர்ல எழுதி பீரோவுக்குள்ள வைங்க. சிரிக்காதீங்க, பீரோவை ரஷ்யாவுல இருக்கறவன் ஹேக் பண்ண முடியாது.

அப்புறம் ஃபைல். லிங்க் அனுப்பாதீங்க, நேரா அட்டாச் பண்ணுங்க. வேர்ட், பிடிஎஃப் ஃபைல்களோட பிராபர்ட்டீஸ்ல எழுதினவர் பேர் ஒட்டிக்கிட்டிருக்கும், போன்ல எடுத்த போட்டோல இடம்கூட இருக்கும். இதையெல்லாம் விட பெரிய ஓட்டை நீங்க எழுதற விஷயம். "எங்க டீம்ல நாலு பேர்தான், நான் மார்ச்ல சேர்ந்தேன்"னு எழுதினா, பேர் போடாம இருந்து என்ன லாபம்?

ஒரு எச்சரிக்கை. பேர் சொல்லாம எழுதறது குற்றம் இல்ல. இன்னொருத்தர் பேர்ல, அவர் எழுதற மாதிரி எழுதி ஏமாத்தினா அது குற்றம். ஐடி சட்டத்துல 66டி பிரிவு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில். அதே மாதிரி பேங்க், டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் இங்கெல்லாம் முகமூடி வேலைக்கு ஆகாது. கேஒய்சிக்கு நிஜப் பேர், நிஜ மெயில், நிஜ மொபைல்தான்.

அந்த நிஜ மெயில்தான் என் அடுத்த கவலை. என் கிளையன்ட் ஒருத்தர் எஸ்ஐபி, டீமேட், இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் ஆபீஸ் ஐடி கொடுத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க, சாயங்காலம் ஐடி வேலை செய்யல. கையில சம்பளம் இல்லாத நேரத்துலதான் ஃபண்டை எடுக்கணும், அந்த நேரம் பார்த்து ஓடிபி பழைய ஆபீஸ் இன்பாக்ஸுக்குப் போகுது. ஒவ்வொரு இடமா ஃபார்ம் எழுதிக் கொடுத்து மெயிலை மாத்தறதுக்குள்ள மனுஷன் இளைச்சே போயிட்டார்.

பணத்துக்குன்னு தனியா ஒரு மெயில் வைங்க. ரெஸ்யூமேல இருக்கற ஐடி வேண்டாம், அது ஊரெல்லாம் சுத்திட்டு வந்தது. இதை பேங்க், வருமான வரி, பிஎஃப், முதலீடு தவிர எங்கேயும் கொடுக்காதீங்க. ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, டெபாசிட்டரி மாசாமாசம் அனுப்பற முதலீட்டு ஸ்டேட்மென்ட்டோட பாஸ்வேர்டு உங்க பான். அந்த பான் வாடகை ஒப்பந்தத்துல, நகைக்கடை பில்லுல, ஏன், என் இன்பாக்ஸ்லயே இருக்கு. உள்ளே வந்தவனுக்கு அது பூட்டே இல்ல.

டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை எஸ்எம்எஸ்ல வைக்காம ஆத்தென்டிகேட்டர் ஆப்லயோ பாஸ்கீயிலயோ வைங்க. பழைய சிம்மைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எல்லா இடத்துலயும் நம்பரை மாத்துங்க, ஏன்னா கட்டான நம்பர் 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போகலாம். ஜிமெயில் செட்டிங்ஸ்ல ஃபார்வேர்டிங்கையும் ஃபில்டரையும் ஒரு தடவை திறந்து பாருங்க. உள்ளே நுழைஞ்சவன் உங்க மெயில் தனக்கும் வர்ற மாதிரி அங்கதான் செட் பண்ணி வைப்பான். பாஸ்வேர்டு மாத்தினாலும் அது போகாது.

இன்னொண்ணு, சொன்னா என் தொழில்ல இருக்கறவங்க கோச்சுக்குவாங்க. வருமான வரி போர்ட்டல்ல பிரைமரி மெயில் யாருடையதுன்னு பாருங்க. ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரோட மெயிலா இருக்கலாம். ரிட்டர்ன்ல குறைன்னு நோட்டீஸ் வந்தா பதில் சொல்ல 15 நாள்தான், அவர் 500 கிளையன்ட் மெயிலுக்கு நடுவுல உங்களுதைப் பார்க்கணும்.

கூப்பன், மளிகை, சினிமா டிக்கெட்டுக்கெல்லாம் மூணாவதா ஒரு மெயில். 2020-ல பிக்பாஸ்கெட்லேர்ந்து சுமார் 2 கோடிப் பேர் விவரம் கசிஞ்சது ஞாபகம் இருக்கும். டக்டக்கோ, ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின் மாதிரி சர்வீஸ்கள் கடைக்கு ஒரு பொய் ஐடி தரும். தொல்லை வந்தா அந்த ஒண்ணை மட்டும் அணைச்சுடலாம்.

அந்தத் தம்பிக்கு வருவோம். முதல்ல லிங்க்கை எடுக்கச் சொன்னேன். சம்பள ஸ்லிப்பையும் பிஎஃப் பாஸ்புக்கையும் மாச வாரியா இறக்கி வீட்டுல வைக்கச் சொன்னேன், ஏன்னா பிடிச்ச பணத்தை அடுத்த மாசம் 15-க்குள்ள கட்டணும், கட்டாம வெச்சிருக்கறது கிரிமினல் குற்றம், அதுக்கு ஆதாரம் இந்த ரெண்டும்தான். பிஎஃப் ஆபீஸ்ல உறுப்பினரா புகார் கொடுத்தா யூஏஎன் கேட்கும், அங்கே முகம் தெரியும். அது எப்போன்னு அவர்தான் முடிவு பண்ணணும். வேற வேலை கிடைச்சதும் கொடுக்கறேன்னு பதில் போட்டிருக்கார். இந்தத் தடவை புதுசா இன்னொரு ஐடியிலிருந்து, லிங்க் எதுவும் இல்லாம.

ஃபார்வேர்டிங், ஃபில்டர் எங்க இருக்குன்னு வீடியோல திரையில காட்டியிருக்கேன். ஃபார்ம் 16 அனுப்பறவங்க பேரையும் பானையும் மறைச்சுட்டு அனுப்புங்க. எனக்கு எண்கள் போதும்.