போனோடு வரும் பிள்ளைகள்: வாலிபர் கூட்டம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் வி.பி.எஸ். என்னும் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும்போது தென்மாவட்டச் சபைகள் பலவற்றில் இடம் போதாது. ஆலயத்துக்குள் ஒரு வகுப்பு, வராந்தாவில் ஒன்று, வேப்பமரத்தடியில் ஒன்று என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பார்கள். அதே சபையில் ஆகஸ்ட் மாத ஞாயிறு மாலை வாலிபர் கூட்டத்தை எட்டிப் பார்த்தால், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேகரக் கமிட்டியில் இந்தப் பேச்சு வந்தால் பழி உடனே செல்போன்மேல் விழும். தீர்மானம் எதுவும் நிறைவேறாது.

போனுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டியூஷனையும் நீட் கோச்சிங்கையும் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. “பத்தாவது முடியட்டும், அப்புறம் வாலிபர் கூட்டத்துக்குப் போ” என்று சொல்லும் பெற்றோர்தான் இரண்டு வருடம் கழித்து “பையன் கோயிலுக்கே வரமாட்டேங்கிறான்” என்று ஆயரிடம் முறையிடுகிறார்கள். 2016-இல் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியது. 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடம், ஆராதனை இரண்டுமே போனுக்குள் போயின. இன்று பதினைந்து வயதாகும் பிள்ளைக்கு இன்டர்நெட் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

இளைஞர் ஊழியம் பிறந்ததே இப்படிப்பட்ட நெருக்கடிகளில்தான். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு மிச்சமிருந்தது ஞாயிறு மட்டும் என்பதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் க்ளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். பிழைப்புக்காக லண்டனுக்கு வந்து திக்குத் தெரியாமல் நின்ற பையன்களுக்காக, 1844-இல் ஒய்.எம்.சி.ஏ.வை ஆரம்பித்த ஜார்ஜ் வில்லியம்ஸும் ஒரு ஜவுளிக்கடை ஊழியர்தான். அப்போது அவருக்கு வயது 22. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்த நேரம் அவர்களுக்குக் கிடைக்கிறது என்பதை இருவரும் முதலில் பார்த்தார்கள். இன்றைக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் வயதைப் பிரியுங்கள்

நம் சபைகளில் ‘வாலிபர்’ என்றால் கல்யாணம் ஆகாத எல்லாரும் அடக்கம். பதினான்கு வயதுப் பெண்ணும் முப்பது வயது ஐ.டி. ஊழியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ‘வாழ்க்கைத் துணையைத் தெரிந்தெடுத்தல்’ பற்றிச் செய்தி கேட்பார்கள். இது சரிவராது. 13 முதல் 15 வரை ஒரு குழு, 16 முதல் 18 வரை ஒரு குழு, அதற்கு மேல் தனி. ஆள் குறைவாக இருந்தால் பாட்டும் ஜெபமும் சேர்ந்து இருக்கட்டும், பேச்சு மட்டுமாவது பிரியட்டும். ஒரு குழுவில் ஆறேழு பேர் இருந்தாலே போதும்.

நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். ஞாயிறு மாலை ஆறு மணி என்பது வேதத்தில் எழுதப்பட்டதல்ல. காலை ஆராதனை முடிந்த கையோடு ஒரு மணி நேரம் என்றால் டியூஷன் பிள்ளைகளும் வருவார்கள். கூடவே ஒரு வடையும் டீயும் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு மாதம் பேசாமல் கேளுங்கள்

புதிய திட்டம் எதையும் அறிவிக்கும் முன் நான்கு வாரம் கேட்பதற்கே ஒதுக்குங்கள். “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறாய்?” என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முடிந்தது. அது விசாரணை. அதற்குப் பதில், “இந்த வாரம் நீ யாருக்காவது அனுப்பிய ரீல்ஸ் எது? ஏன் அனுப்பினாய்?” என்று கேட்டுப் பார்க்கலாம். எந்த யூடியூபரை நம்புகிறார்கள், கிளாஸ் குரூப்பில் யாரைக் கிண்டல் செய்கிறார்கள், ராத்திரி தூக்கம் வராதபோது யாரிடம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் தானாக வெளியே வரும்.

வாயால் சொல்ல முடியாததை எழுதிப் போட ஒரு பெட்டி வையுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயலவும் கூடாது. காணிக்கைப் பெட்டிக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தப் பெட்டிக்கும் கொடுத்தால், மூன்றாவது வாரத்திலிருந்து உண்மையான கேள்விகள் விழத் தொடங்கும்: டைனோசர் எப்போது படைக்கப்பட்டது, என் இந்து தோழி நரகத்துக்குப் போவாளா, ஜெபித்தும் அப்பா ஏன் குடியை விடவில்லை, ஆபாச வீடியோ பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

யூடியூபோடு போட்டி போடாதீர்கள்

பல சபைகள் சறுக்குவது இங்கேதான். பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள் என்றதும் சபைக்கு ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், வாரம் இரண்டு ரீல்ஸ், வண்ண வண்ணப் போஸ்டர் என்று இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துக்கு லைக் போடுவது பெரும்பாலும் அத்தைமாரும் சித்தப்பாமாரும்தான். உலகத்தின் பெயர்பெற்ற பிரசங்கிகள் எல்லாரும் அந்தப் பிள்ளையின் பையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். யூவெர்ஷன் வேதாகமச் செயலி 2008-லேயே வந்துவிட்டது. செய்திக்குப் பஞ்சமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “போன வாரம் கணக்குப் பரீட்சை என்று சொன்னாயே, எப்படி எழுதினாய்?” என்று கேட்கும் ஒரு அண்ணனையோ அக்காவையோ எந்தச் செயலியும் தராது.

ஆகவே கூட்டத்தின் அமைப்பை மாற்றுங்கள். செய்தி பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதி நேரம் கேள்விக்கும் பேச்சுக்கும். வேத வாசிப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் பலர் பழைய திருப்புதலின் தமிழைத் திக்கித் திணறித்தான் வாசிக்கிறார்கள். நாலு பேர் சிரித்தால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். எளிய தமிழிலோ ஆங்கிலத்திலோ போனில் பார்த்து வாசிக்க விடுங்கள். பிறகு பெரியவர் ஒருவர் அதே பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பில் நிறுத்தி வாசித்துக் காட்டலாம். அந்தத் தமிழின் ஓசை காதில் விழுந்தால்தான் பிடிக்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின், ஆயரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் அங்கே போகின்றன. பதறத் தேவையில்லை. “அது என்ன சொன்னது, வாசித்துக் காட்டு” என்று கேளுங்கள். அது மேற்கோள் காட்டிய வசனங்களை எல்லாரும் சேர்ந்து வேதாகமத்தில் தேடுங்கள். சில நேரம் அதிகாரமும் வசனமும் பொருந்தாது. சில நேரம் அப்படி ஒரு வசனமே இருக்காது. சரிபார்க்கும் பழக்கம் வர இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அதே பழக்கம் பெரியவர்களுக்கும் தேவை. சபை வாட்ஸ்அப் குரூப்பில் கடைசிக் காலம் பற்றிய பொய்ச் செய்திகளை ‘பார்வர்ட்’ செய்பவர்கள் பதினைந்து வயதுக்காரர்கள் அல்லவே.

சாதி ரீல்ஸைப் பற்றியும் பேசுங்கள்

இணைய ஆபத்து என்றதும் சபையில் பேசப்படுவது ஆபாசமும் கேம்ஸும்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் போனில் ஓடும் இன்னொன்றைப் பற்றி மேடையில் மூச்சு விடுவதில்லை: அரிவாளும் பாட்டுமாக வரும் சாதிப் பெருமை வீடியோக்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது சக மாணவர்களே. அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் வந்த அவர் அறிக்கை, கையில் வண்ணக் கயிறு கட்டும் பழக்கம் வரைக்கும் பேசுகிறது.

சபையில் சாதி இல்லை என்று சொல்லிக் கடந்துவிடும் தலைவரைப் பிள்ளைகள் நம்புவதில்லை. சபைத் தேர்தலை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நல்ல சமாரியன் உவமையைப் படித்துவிட்டு, “உன் ஸ்டேட்டஸில் இருக்கும் அந்தப் பாட்டை உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்?” என்று கேட்கலாம். ஒரே கூட்டத்தில் இது தீராது. வருடத்தில் மூன்று நான்கு முறையாவது திரும்பத் திரும்பப் பேச வேண்டிய விஷயம்.

குரூப் தொடங்கும் முன் சட்டம் போடுங்கள்

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளின் அறிவிப்பு பெற்றோர் எண்ணுக்குப் போகட்டும். மற்றவர்களுக்கான குரூப்பில் பொறுப்பாளர்கள் குறைந்தது இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பெற்றோருக்குக் குரூப் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். இரவு ஒன்பதரைக்கு மேல் பதிவு கிடையாது.

தலைவர்களுக்கான சட்டம் இன்னும் கண்டிப்பாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோடு தனிப்பட்ட அரட்டை வேண்டாம்; தவிர்க்க முடியாமல் பேசினால் இன்னொரு பொறுப்பாளருக்குத் தெரிவித்துவிட வேண்டும். தானாக அழியும் மெசேஜ் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. “அண்ணன் தங்கமான ஆளு” என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. முகாமில் எடுத்த படங்களை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் படங்களை, வீட்டுச் சம்மதமின்றிப் பொதுவில் போடக் கூடாது.

பெற்றோரை ஒரு நாள் அழைத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்ஸ்டாகிராமின் டீன் அக்கவுண்ட் அமைப்பைக் காட்டுங்கள். இந்தியாவில் இது 2025 பிப்ரவரியில் வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை அறிவிப்பு அடங்கியிருக்கும். பதினாறுக்குக் கீழ் என்றால் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிள்ளை பொய்யான பிறந்த வருடத்தைப் போட்டிருந்தால் இதில் எதுவும் வேலை செய்யாது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

விபரீதம் நடந்தால்

படத்தை மார்பிங் செய்து மிரட்டுகிறார்கள், அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள் என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், முதல் பத்து நிமிடம் மிக முக்கியம். “ஏன் அனுப்பினாய்?” என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். “சொன்னது நல்லது, நாங்கள் கூட இருக்கிறோம்” என்பது போதும். எதையும் அழிக்கக் கூடாது. மிரட்டலையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தரங்கப் படத்தை மட்டும் யாரும் வாங்கவோ, பகிரவோ கூடாது. பணம் அனுப்பாதீர்கள், ஒரு முறை கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930, குழந்தைகள் உதவி எண் 1098. அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் அடையாளக் குறி மட்டும் எடுக்கப்பட்டு, இன்ஸ்டாகிராம், பேஸ்புக் போன்ற தளங்கள் அதே படம் வந்தால் நீக்குகின்றன.

இன்னொன்றைத் தலைவர்கள் எல்லாரும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2012-ஆம் வருட போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போலீஸுக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. சபை மானம் போய்விடும், கமிட்டியில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வேதத்திலும் இல்லை.

சோர்வும் சாகும் எண்ணமும் பற்றிப் பேசும் பிள்ளைக்காக ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும் வீட்டாரிடம் சொல்லி, டெலி மானஸ் எண் 14416-ஐயும் கூப்பிடுங்கள். வாலிபர் அறைக் கதவில் 1930, 1098, 14416 என்ற மூன்று எண்களும் இன்றே ஒட்டப்பட வேண்டியவை.

வேலை கொடுங்கள்

1881-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் உலகம் முழுக்கப் பரவியது. வாலிபர்களையே குழுக்களாகப் பிரித்துப் பொறுப்பை ஒப்படைத்தது அதன் பலம். ஜெபக் கூட்டத்தை நடத்த ஒரு குழு, புதியவர்களைச் சேர்த்து, வராதவர்களைப் போய் விசாரிக்க ஒரு குழு என்று வைத்திருந்தார்.

இன்று நாம் கொடுக்கும் வேலை என்ன? பையன்களுக்கு மிக்ஸரும் லைவ் கேமராவும், பெண்களுக்குத் தோரணமும் பெருக்குமாறும். லைவ் கேமராவைக் கவனிக்கும் பையன் மாதக்கணக்கில் ஆராதனையைத் திரையில்தான் பார்க்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவனை எழுப்பி முன்னால் உட்கார வையுங்கள், கேமராவைப் பெண்களிடமும் கொடுங்கள். தனியாக இருக்கும் முதியோருக்கு அவர்களுடைய பிள்ளைகளுடன் வீடியோ கால் போட்டுக் கொடுப்பது, சபையின் மூத்த ஆட்களிடம் பழைய கதைகளைப் பதிவு செய்வது, வி.பி.எஸ்.சில் சிறியவர்களுக்குப் பாடம் எடுப்பது எல்லாம் பதினாறு வயதுக்காரர்கள் சரியாகச் செய்யக்கூடியவை. 2006-இல் பதினைந்து வயதில் இறந்த இத்தாலியப் பையன் கார்லோ அகுதிஸ், நற்கருணை அற்புதங்களைப் பற்றி இணையதளம் உருவாக்கியவர். கத்தோலிக்கத் திருச்சபை 2025 செப்டம்பரில் அவரைப் புனிதராக அறிவித்தது. 

முகாமில் போனைப் பிடுங்கி வைப்பதைவிட முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது மேல். மாலையில் ஒரு மணி நேரம் திருப்பிக் கொடுப்பது, அவசரத்துக்கு வீட்டாருக்கு ஒரு பொது எண் என்று ஒப்புக்கொண்டால் சண்டை வராது. தலைவர்களின் போனும் அதே பெட்டிக்குள் போக வேண்டும். இந்த ஒரு விதியைத்தான் தலைவர்கள் முதலில் மீறுவார்கள்.

ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு, வராமல் போனவர்கள் யார் யார், அவர்களைப் போய்ப் பார்த்தது யார் என்றும் எழுதிவையுங்கள். கிளார்க்கின் அந்த விசாரிப்புக் குழுவை இன்றும் எந்தச் சபையும் அமைக்கலாம். செலவு பஸ் டிக்கெட் மட்டும். வரும் மே மாத வி.பி.எஸ். முடிந்ததும், எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தனியாக எடுத்து, ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போய் வாருங்கள்.