புதினா வந்த வழி

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் காய்கறிக் கடைகளில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் புதினாக் கட்டும் இருக்கும். துவையலுக்கும் பிரியாணிக்கும் மணம் தரும் இக்கீரையின் பெயர் தமிழ்ச் சொல் அன்று, பாரசீகச் சொல். பாரசீகத்தில் 'பூதினா' என வழங்கியது, உருதுவிலும் இந்தியிலும் 'புதீனா' ஆகி, தமிழில் 'புதினா' என நிலைத்தது.

பாரசீகத்துக்கும் நம் பகுதிக்கும் என்ன தொடர்பு? 1698-இல் முகலாயர் நம் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்களுக்கும், பின்வந்த ஆர்க்காட்டு நவாபுகளுக்கும் அரசாங்க மொழி பாரசீகமே. தாசில்தார், தர்பார், பஜார், சிப்பாய் ஆகிய சொற்களும் பாரசீக வழி வந்தவையே.

வாங்கியது போலவே கொடுத்ததும் உண்டு. திண்டிவனம் என்பது 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு. இந்தியாவிலிருந்து சென்ற புளியை அரபியர் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். ஆங்கிலத்தின் 'டாமரிண்ட்' அதிலிருந்து பிறந்ததே. அந்தப் புளிய மரத்துக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்கா!

திருவிவிலியத்திலும் புதினா உண்டு. புதினாவில்கூடப் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொள்வதை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

தோழியரே! எந்த ஊர்ச் சொல் என்று கேட்டு நாம் புதினாவை ஒதுக்குவதில்லை. அப்படியிருக்க, வேற்றூரிலிருந்து வந்து வேறு மொழி பேசும் மாணவியை மட்டும் தனியே உட்கார விடலாமா? புதினாவுக்கு நம் வீட்டில் தந்த இடத்தை அவளுக்கு நம் பெஞ்சில் தருவோம்.