சேவை ஏற்றுமதியும் அதிலுள்ள இடையூறுகளும்

கொல்லிமலையில் விளையும் மிளகு கப்பலேறிச் சென்றால் அதனை ஏற்றுமதி என்று கூறுவதில் எவருக்கும் ஐயமில்லை. மூட்டை கட்டுகிறோம், எடை போடுகிறோம், மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள், சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் சீட்டுக் கொடுக்கிறது. ஒருவர் தம் தொழில் திறமையை அயல்நாட்டாருக்கு விற்று அந்நியச் செலாவணி ஈட்டினால் அதுவும் ஏற்றுமதியே என்பது நம் ஊராட்சி அங்கத்தினர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 2024-25ஆம் ஆண்டில் இந்தியா வெளிநாடுகளுக்கு அனுப்பிய பண்டங்களின் மதிப்பு சுமார் 43,700 கோடி டாலர். அதே ஆண்டில் வெளிநாடுகளுக்கு விற்ற சேவைகளின் மதிப்பு சுமார் 38,700 கோடி டாலர். கண்ணால் காணவோ கையால் எடைபோடவோ இயலாத சரக்கு, கண்ணால் காணும் சரக்கினை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது.

இச்சரக்கு எல்லை கடக்கும் வழிகளை, 1995ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த உலக வணிக அமைப்பின் சேவை வணிக உடன்படிக்கை நான்காக வகுத்துள்ளது. ஆள் தம் ஊரிலேயே இருக்க, வேலை மட்டும் கம்பி வழியே செல்வது ஒரு வழி. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் ஸோஹோ நிறுவனத்தின் அலுவலகம் நடைபெறுகிறது. அந்நிறுவனத்தின் மென்பொருளைப் பல நாட்டார் வாங்குகின்றனர். வாங்குவோரே நம்மிடம் வந்து சேவையைப் பெறுவது இரண்டாவது வழி. ஆகாய கங்கை அருவியைக் காண வரும் அயல்நாட்டுப் பயணி நம் மலையில் தங்கி உண்டு செலவிடும் பணம் இதில் அடங்கும். அயல்நாட்டில் கிளை அமைத்துத் தொழில் நடத்துவது மூன்றாவது. ஆட்களே நேரில் சென்று, குறித்த காலம் வேலை செய்து திரும்புவது நான்காவது.

கடைசி இரண்டுக்கும் நமது நாமக்கல் மாவட்டத்திலேயே கண்கூடான உதாரணம் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டி வருவதை யாவரும் அறிவர். இத்தொழில் ஆப்பிரிக்க நாடுகள் வரையிலும் சென்றுள்ளது. மலையிலிருந்து இறங்கி ரிக் வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞரும், உறவினர் வாங்கும் வண்டியில் பங்கு போட எண்ணும் விவசாயியும் இதன் இடையூறுகளை அறிந்திருத்தல் நலம். அங்கே பணம் நின்றால் இங்கே கூலி நிற்கிறது. வண்டிக்காக வாங்கிய கடனின் வட்டி மட்டும் நிற்பதில்லை.

முதல் இடையூறு மண்ணிலேயே தொடங்குகிறது. நம் மாவட்டம் பெரும்பாலும் கடும்பாறைப் பூமி. காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தியலைக் கொண்டு பாறையை உடைத்து இறங்குவதில் நம் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். ஆப்பிரிக்காவிலோ பாறைப் பகுதிகளோடு மணலும் களியும் ஆழமாகப் படிந்த பகுதிகளும் உள்ளன. அத்தகைய இடத்தில் சுத்தியல் முறை பயன்படாது. துளை இடிந்து மூடிக்கொள்ளும். சேற்றுக் குழம்பைச் செலுத்தித் துளையிடும் வேறு முறையும், மேலிருந்து கீழ்வரை கேசிங் குழாயும் தேவைப்படும். வண்டியின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கென்யா, தான்சானியா, ஜாம்பியா முதலிய நாடுகளில் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் செல்வது வழக்கம். நைஜீரியாவிலும் கானாவிலும் வலப்புறம் செல்ல வேண்டும். ஓட்டுநரின் இருக்கை இடப்பக்கம் இருத்தல் அங்கு முறை. இங்குக் கட்டிய வண்டியை அப்படியே அங்கே இறக்கிவிட முடியாது. இவற்றை விசாரியாமல் வண்டியைக் கப்பலேற்றுவது நிலத்தைப் பாராமல் விதை வாங்குவதற்கு ஒப்பாகும்.

இதனினும் நுட்பமான இடையூறு ஒன்று உண்டு. விற்கப்படுவது துளையா, தண்ணீரா? நம் பக்கத்தில் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் தோண்டிய அடிக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கம். கிணறு பொய்த்த விவசாயி தம் விதியை நொந்துகொள்வாரேயன்றி ரிக்காரரைக் குறை சொல்வதில்லை. கடலுக்கு அப்பால் இந்த வழக்கத்தை யார் அறிவார்? பள்ளிக்கூடத்திற்கோ பண்ணைக்கோ கிணறு கேட்டவர், தாம் தண்ணீரையே விலைக்கு வாங்கியதாக எண்ணியிருக்கலாம். வறண்ட துளைக்குப் பணம் தர அவர் மறுத்தால், நம் வழக்கத்தை எடுத்துச்சொல்லிப் பயன் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே அந்நாட்டு நீதிமன்றம் பார்க்கும். ஆகவே ஆழம், துளையின் விட்டம், கேசிங் குழாயின் நீளமும் அதன் விலையை ஏற்பவரும், நீர் ஊறும் அளவைச் சோதிக்கும் முறை, தண்ணீர் கிட்டாவிடில் தரவேண்டிய தொகை, டீசல் விலை ஏறினால் அதனைத் தாங்குவோர் ஆகிய அனைத்தும் எழுத்தில் வருதல் வேண்டும். ஊரார் முன்னிலையில் வாய்மொழியாகப் பேசி முடிக்கும் நம் பழக்கம் ஊருக்குள் சிறப்புடையதே. அது கடல் கடப்பதில்லை. வழக்கு நேர்ந்தால் நடுவரிடம் செல்வது என்றும், நடுவர் எந்த நகரில் அமர்வார் என்றும் ஒப்பந்தத்தில் குறிப்பது மிகவும் பயன்தரும். 1958ஆம் ஆண்டு நியூயார்க்கில் உருவான உடன்படிக்கையின்படி, நடுவர் தீர்ப்பைப் பிற நாடுகளிலும் நிறைவேற்றிக்கொள்ள வழியுண்டு. இந்தியா 1960இல் அதனை ஏற்றது.

பணம் பெறுவதிலும் மிளகுக்கும் சேவைக்கும் பெரும் வேறுபாடு உண்டு. மிளகு வணிகர் கப்பல் சீட்டை வங்கியில் காட்டுகிறார். வாங்குவோரின் வங்கி கடன் உறுதிப் பத்திரம் கொடுத்திருந்தால், சீட்டு சரியாக இருக்கும் அளவில் பணம் வந்து சேருகிறது. சேவைக்குக் கப்பல் சீட்டு ஏது? வேலை முடிந்தது என்று வாங்கியவர் இடும் கையொப்பமே சீட்டு. அவர் கையொப்பமிடத் தயங்கினால் விற்றவர் என் செய்வார்? தோண்டிய துளையை மீண்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர முடியாதல்லவா? இதனால்தான் அனுபவமுள்ள நிறுவனங்கள் ஒரு பகுதியை முன்பணமாகவும், மீதியை வேலையின் கட்டந்தோறும் தவணையாகவும் பெறுகின்றன.

வாங்கியவர் நேர்மையானவராயினும் அவர் நாட்டில் டாலர் இல்லாமற் போவதுண்டு. 2023ஆம் ஆண்டில் நைஜீரியாவில் பயணச்சீட்டு விற்ற பன்னாட்டு விமான நிறுவனங்களின் பணம் 80 கோடி டாலருக்கு மேல் அந்நாட்டிலேயே சிக்கிக்கொண்டது. பெரும் விமான நிறுவனங்களுக்கே அந்நிலை என்றால், இரண்டு வண்டி வைத்திருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய இழப்புக்கு எதிராகக் காப்புறுதி தரும் பொருட்டே 1957இல் மத்திய அரசு தொடங்கிய அமைப்பு இன்று ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகமாக இயங்குகிறது. சேவை ஏற்றுமதிக்கும் அதனிடம் காப்புறுதி உண்டு. வரவேண்டிய அந்நியச் செலாவணியை ரிசர்வ் வங்கி குறித்த காலத்திற்குள் நாட்டிற்குக் கொணர வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கட்டளை.

வரியைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். சேவை ஏற்றுமதிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி பூஜ்யமே. எனினும் சேவை தருபவர் இந்தியாவிலும், பெறுபவர் வெளிநாட்டிலும் இருத்தல், சேவை நிகழும் இடம் சட்டப்படி வெளிநாடாக இருத்தல், தொகை அந்நியச் செலாவணியிலோ ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வகையில் ரூபாயிலோ வருதல் முதலிய நிபந்தனைகள் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளன. வருமான வரியை அந்நாட்டிலும் இந்நாட்டிலும் இருமுறை செலுத்தாதிருக்க கென்யா, தான்சானியா, ஜாம்பியா உட்படப் பல நாடுகளோடு இந்தியா உடன்படிக்கை செய்துள்ளது. அதன் பயனைப் பெற, இந்நாட்டு வருமான வரித் துறையினரிடமிருந்து வதிவிடச் சான்று வாங்கி அங்கே காட்ட வேண்டும். சான்று இன்றேல் பிடித்த வரி பிடித்ததே.

ஆட்கள் எல்லை கடப்பதே யாவற்றினும் கடினம். பண்டத்திற்குச் சுங்கம் செலுத்தினால் போதும். மனிதனுக்கு விசா வேண்டும், வேலை அனுமதி வேண்டும், தொழிலுக்கு உரிமம் வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் வழக்கும் வெளியேற்றமும் நேரும். இவ்விதிகள் ஒரே நாளில் மாறக்கூடியவை. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் வெளியான ஓர் ஆணை, தொழில் வல்லுநருக்கான எச்-1பி விசாவுக்குரிய புதிய விண்ணப்பத்தின் மீது ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதித்தது. மென்பொருள் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகப் போட்டிருந்த கணக்கு அந்த ஒரு கையொப்பத்தால் மாறிற்று. ஆப்பிரிக்கா செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் மறக்கலாகாது. பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் அதனைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அதற்கு வசதியுண்டு. இச்சான்று இல்லாமல் அந்நோயுள்ள நாட்டிலிருந்து திரும்புவோரை, வீட்டிற்கு விடாமல் சில நாட்கள் தனிமையில் வைத்துக் கண்காணிப்பர்.

பத்தாம் வகுப்புத் தேறாத இளைஞர்கள் மேலும் ஒன்றை அறிய வேண்டும். சவூதி அரேபியா, ஓமன், கத்தார், மலேசியா, சூடான் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவை. பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே பெறலாம். அதற்கு மேல் இலட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது ஊராட்சி அங்கத்தினரின் கடமை என்றே நாம் கருதுகிறோம். மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் நடைபெறுகிறது என்பதையும் கிராம சபையில் எடுத்துரைக்கலாம்.

இனி, ஊரை விட்டு நகராமலே செய்யக்கூடிய ஏற்றுமதிக்கு வருவோம். அயல்நாட்டுப் பயணி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி வந்து, வாழவந்திநாட்டிலோ அரியூர்நாட்டிலோ ஒரு வீட்டில் தங்கி, சாமைச் சோறும் அன்னாசிப் பழமும் உண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி அருவியைக் கண்டு திரும்பினால், பொருளியலார் கணக்கில் அது ஏற்றுமதி. வரிச் சட்டத்தின் கணக்கில் அவ்வாறு அன்று. தங்குமிடம் எங்குள்ளதோ அங்கேயே சேவை நிகழ்ந்ததாகச் சட்டம் கொள்வதால், உள்நாட்டாருக்குரிய வரியே இதற்கும் பொருந்தும். ஆண்டு வருவாய் 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விடுதிக்காரருக்கு இதனால் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. மிளகு விலை இறங்கினால் மூட்டையை அட்டத்தில் ஏற்றிவைத்து அடுத்த பருவம்வரை காத்திருக்கலாம். ஒரு நாள் இரவு காலியாகக் கிடந்த அறையை மறுநாள் விற்க இயலாது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட சுற்றுலா விசா, சாதாரண விமானங்களில் வருவோருக்கு மீண்டும் கிடைத்தது 2021 நவம்பரில்தான். இருபது மாத காலம் வந்திருக்க வேண்டிய வருவாய் எந்த அட்டத்திலும் சேமிக்கப்படவில்லை. ஆதலின் தோட்டத்தை விற்றோ அடகு வைத்தோ விடுதி கட்டுவதை நாம் ஆதரிப்பதில்லை. மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் நிற்கும் வீட்டிலேயே ஓர் அறையைத் தூய்மையாக ஒழுங்குசெய்து, நல்ல கழிப்பிடமும் காய்ச்சிய குடிநீரும் தந்து, வாடகையை எழுதித் தொங்கவிட்டால் அது தொடக்கத்திற்குப் போதும். ஆடி மாதத்து வல்வில் ஓரி விழா நாட்களில் கூட்டம் மிகுதி என்று வாடகையை மும்மடங்காக்குவோர் அடுத்த ஆண்டு வரவேண்டியவரையும் இழப்பர்.

வெளிநாட்டார் எவரேனும் தங்கினால், வீடாயினும் விடுதியாயினும், 24 மணி நேரத்திற்குள் அதற்குரிய படிவத்தை வலைத்தளம் வழியே அரசுக்கு அனுப்புதல் கட்டாயம். கடவுச்சீட்டு எண், விசா எண், வந்த நாள், அடுத்துச் செல்லும் இடம் ஆகியவை அதில் கேட்கப்படும். ஆகவே பயணி பையை இறக்கிய உடனே கடவுச்சீட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அயல்நாட்டு நோட்டுகளை மாற்றிக் கொடுக்கும் உரிமை அதற்கென அனுமதி பெற்றோருக்கே உண்டு. மற்றவர்கள் அப்பணியை வங்கிக்கு விட்டுவிடலாம். மலையில் கைப்பேசித் தொடர்பு எட்டாத ஊர்கள் இன்னும் உள்ளன. அத்தகைய ஊரில் அறையைத் திறப்பவர், படிவத்தை அனுப்ப எவ்விடம் செல்வது என்பதை முதற்பயணி வருமுன்னரே பார்த்து வைத்துக்கொள்வது நன்று.