நூறு சவுண்ட் ஆம்ப்பா, ஒரே சவுண்ட் ஆம்ப்பா? போனஸ் பணத்தை வைக்கும் முன் ஒரு கணக்கு



ரெண்டு மாசம் முன்னாடி சித்தப்பா பையன் போன் பண்ணான். சிறுசேரியில் வேலை, நாவலூரில் மூணு பேரோட ஒரு ஃபிளாட், கையில் முதல் போனஸ். "அண்ணா, எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கணும். 30,000-க்கு ஒண்ணு பார்த்தேன், அதுல இல்லாத சவுண்டே இல்ல. 55,000-க்கு இன்னொண்ணு, ட்யூப் ஆம்ப், ரெண்டே குமிழ்தான். ஆனா அது கொடுக்கற சவுண்டு இருக்கே... நீங்க சி.ஏ. தானே, எது லாபம்னு சொல்லுங்க."

"ரெண்டுமே நஷ்டம்தான்டா. எந்த நஷ்டம் உனக்குக் கட்டுப்படியாகும்னு வேணா பார்ப்போம்" என்றேன். அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதறேன். கிட்டார் வாசிக்காதவங்க ஆம்ப் என்கிற இடத்தில் கேமரா, மிக்ஸி, டிரெட்மில் எதை வேணா போட்டுப் படிக்கலாம்.

முதல்ல இந்த ரெண்டு ஜாதி ஆம்ப் பத்திச் சுருக்கமா. மாடலிங் ஆம்ப் என்பது உள்ளே டிஜிட்டல் சிப் வைத்து, பல பிரபல ஆம்ப்களின் குணத்தைப் போலச் செய்து காட்டுவது. பாஸ் கம்பெனியின் கட்டானா நல்ல உதாரணம். 2016-ல் வந்தது. அப்போ வந்த 50 வாட் மாடலில் ஐந்து வகை ஆம்ப் சத்தம், அதுக்கு மேல எஃபெக்ட்ஸ். 50 வாட்டை 25 ஆகவோ அரை வாட்டாகவோ குறைக்கலாம், ஹெட்போன் மாட்டலாம். இந்தப் பக்கம் பார்த்தா, பழைய ஃபெண்டர் சாம்ப் மாதிரியான ட்யூப் ஆம்ப். 1950-களில் மாணவர்களுக்காக மலிவா விற்ற சின்னப் பெட்டி. சுமார் 5 வாட், 8 இன்ச் ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். பேஸ், ட்ரெபிள்கூடக் கிடையாது. அந்தச் சின்னப் பெட்டியை வைத்துத்தான் எரிக் கிளாப்டன் 1970-ல் லைலா ஆல்பத்தில் வாசித்தார்.

இப்போ என் கதை. 2013-ல் சி.ஏ. முடிச்சு முதல் வேலை. 22,000 ரூபாய்க்கு ஒரு மாடலிங் ஆம்ப் வாங்கினேன். எந்த பிராண்ட் என்பது முக்கியமில்லை, தப்பு ஆம்ப் மேல் இல்லை. அதில் நூறு ப்ரீசெட். ராத்திரி 9 மணிக்கு உட்கார்ந்தா, "இன்னிக்கு எந்த சவுண்டு?" என்று தேடறதிலேயே 10 மணி ஆயிடும். 10 மணிக்கு மேல பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இப்படியே ரெண்டு வருஷம். 2015-ல் 9,000-க்கு வித்தேன். விற்கும் முன் என் செட்டிங்ஸை அழிக்கலாம்னு பார்த்தா, நூறில் நான் மாத்தி சேமிச்சிருந்தது ரெண்டே ரெண்டு. 13,000 ரூபாய் போனது பெரிசா வலிக்கலை. அந்த ரெண்டு வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட முழுசா வாசிக்கக் கத்துக்கலை என்பதுதான் உறுத்தியது. இன்னிக்கும் உறுத்துது.

ஃபைனான்ஸில் ஆப்ஷன் என்று ஒண்ணு படிச்சிருப்பீங்க. ஒரு பொருளை வாங்கும் உரிமைக்காக இப்பவே ஒரு பிரீமியம் கட்டுறோம். உரிமையைப் பயன்படுத்தலைன்னா பிரீமியம் போச்சு. "எல்லாம் வரும்" என்கிற ஆம்ப் அந்த மாதிரிதான். மெட்டல் வாசிக்கும் உரிமை, ஜாஸ் வாசிக்கும் உரிமை, அகூஸ்டிக் சவுண்டுக்கு உரிமை என்று நூறு ஆப்ஷனைக் கட்டா வாங்கறீங்க. ஆனா கடையில் வித்தியாசமான ஒரு விஷயம் நடக்குது: இங்கே நூறு ஆப்ஷன் இருக்கற பொருள்தான் மலிவு, ஒரே சவுண்டு கொடுக்கறது விலை அதிகம். சிப்பில் இன்னொரு சவுண்டு சேர்க்கச் செலவு கம்மி. ட்யூப், டிரான்ஸ்பார்மர், நல்ல ஸ்பீக்கர் அப்படி இல்லை. அதனால பிரீமியத்தை நீங்க பணமா கட்டலை, நேரமாகக் கட்டுறீங்க. நான் கட்டினது அதுதான்.

பணக் கணக்கையும் போட்டுடுவோம். இதில் வரும் மறுவிற்பனை விலை, வட்டி எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்தது. உங்க ஊர் நிலவரத்துக்கு மாத்திக்கோங்க.

30,000 ரூபாய் மாடலிங் ஆம்ப், ஐந்து வருஷம் கழித்து 9,000-க்குப் போகுதுன்னு வெச்சுப்போம். புது மாடல் வர வர பழைய டிஜிட்டல் பொருளுக்கு மதிப்பு வேகமா இறங்கும். நிகரச் செலவு 21,000. அடுத்து 55,000 ரூபாய் ட்யூப் ஆம்ப். அதே ஐந்து வருஷத்தில் 33,000-க்கு விற்கலாம்னு வெச்சா 22,000. அட, ஒரே மாதிரிதானே என்று தோணும். இங்கேதான் நம்ம ஆளுங்க கணக்கை நிறுத்திடுவாங்க. ட்யூப் தேயும் பொருள், நடுவில் ஒரு தடவை மாத்த 4,000. கூடுதலா முடங்கின 25,000 ரூபாய் 7 சதவீத எஃப்.டி.யில் இருந்திருந்தா ஐந்து வருஷத்தில் சுமார் 10,000 வட்டி. ஆக, ட்யூப் ஆம்பின் உண்மையான செலவு 36,000. வித்தியாசம் 15,000, அதாவது மாசம் 250 ரூபாய்.

மாசம் 250 பெரிய தொகையா? வாசிக்கற நேரத்தைப் பொறுத்தது. மாடலிங் ஆம்பை வாரம் ஒரு மணி நேரம்தான் தொடுறீங்கன்னா ஐந்து வருஷத்தில் 260 மணி நேரம், மணிக்கு 81 ரூபாய். ட்யூப் ஆம்பின் சவுண்டுக்காகவே வாரம் மூணு மணி நேரம் உட்காருறீங்கன்னா 780 மணி நேரம், மணிக்கு 46 ரூபாய். விலை அதிகமான பொருள் மலிவாயிடுது. ஆனா இந்தக் கணக்கைக் காட்டி "நான் நிறைய வாசிப்பேன்" என்று உங்களையே ஏமாத்திக்காதீங்க. ஜிம் வருடச் சந்தா கட்டினவங்க எல்லாரும் இதே டயலாக்கைச் சொன்னவங்கதான்.

சவுண்டு விஷயத்திலும் ஒண்ணு சொல்லணும். ஒத்தைக் குமிழ் ட்யூப் ஆம்ப் ஒரே ஒரு சவுண்டுதான் கொடுக்கும் என்பது முழு உண்மையில்லை. ஆம்பை நல்லாத் திறந்து வைத்து, கிட்டாரில் இருக்கற வால்யூமைக் குறைச்சா சுத்தமான ஒலி. ஏத்தினா கரகரப்பு. மெதுவா மீட்டினா ஒண்ணு, ஓங்கி மீட்டினா இன்னொண்ணு. பல வகை சத்தம் உங்க விரலில்தான் இருக்கு. நூறு ப்ரீசெட் வைத்திருந்த காலத்தில் என் கிட்டாரின் வால்யூம் குமிழை நான் தொட்டதே இல்லை. நண்பர் ஒருத்தர் ஊருக்குப் போகும்போது தன் 5 வாட் ஆம்பை என் வீட்டில் வெச்சுட்டுப் போனார். அப்போதான் அந்தக் குமிழ் எதுக்குன்னே புரிஞ்சது.

ஆனா "ஆம்பை நல்லாத் திறந்து வைத்து" என்றேன் பாருங்க, அதில்தான் வில்லங்கம். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினாத்தான் நம் காதுக்குச் சத்தம் ரெண்டு மடங்காத் தெரியும். திருப்பிப் பாருங்க: 50 வாட்டின் சத்தத்தில் பாதி, வெறும் 5 வாட்டிலேயே வந்துடும். "சின்ன ஆம்ப்தானே, 15 வாட்தானே" என்று வாங்கி வந்து அபார்ட்மெண்டில் திறந்தா, அசோசியேஷன் செயலாளர் வீட்டுக்கு வருவார். குமிழை ரெண்டுக்கு மேல ஏத்த முடியாத ட்யூப் ஆம்ப், கடையில் கேட்ட அந்த சவுண்டைக் கொடுக்காது. 55,000 கொடுத்து வாங்கின நல்ல டோன் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

இன்னொரு நாள் எனக்கே ஆப்பு. ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒரு மெலடி, ஒரு குத்துப்பாட்டு, கடைசியில் ஒரு ஹெவி மெட்டல். அந்த 5 வாட் ஆம்பைத் தூக்கிட்டுப் போனேன். முதல் பாட்டு அருமை. மூணாவது பாட்டுக்குக் கொசு ரீங்காரம் மாதிரி சத்தம். டிரம்ஸுக்கு முன்னாடி எடுபடவே இல்லை. ஜூனியர் பையன் ஒருத்தன் தன் மாடலிங் ஆம்பைக் கொடுத்து மானத்தைக் காப்பாத்தினான். பல பாட்டு, பல பாணி வாசிக்கற பேண்டில் இருக்கறவங்களுக்கு அந்த நூறு ஆப்ஷனில் பத்தாவது நிஜமாவே பயன்படும். அவங்க அதை வாங்கறதுதான் சரி.

நம்ம சேனலைப் பார்க்கறவங்களுக்கு யூலிப் பத்தி நான் புலம்புறது தெரியும். இன்சூரன்ஸையும் முதலீட்டையும் ஒரே பெட்டியில் வாங்காதீங்க, டெர்ம் பாலிசி தனியா, மியூச்சுவல் ஃபண்ட் தனியா என்பேன். ஆம்பிலும் அந்த வழி உண்டு. சுத்தமான ஒலி நல்லா வர்ற எளிமையான ஆம்ப் ஒண்ணு, தேவைப்படும்போது ஒரு ஓவர்டிரைவ் பெடல். பிடிக்கலைன்னா பெடலை மட்டும் விற்கலாம். எனக்குப் பிடிச்ச வழி இதுதான். ஒரே ஆபத்து, பெடல் வாங்கறது சிகரெட் மாதிரி. எட்டு பெடல் வாங்கி ஆம்ப் விலையைத் தாண்டினவங்களை எனக்குத் தெரியும்.

வாங்கற இடத்தில் ரெண்டு எச்சரிக்கை. நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்றால் செலவே இல்லை என்று நினைக்காதீங்க. 55,000-ஐ 12 மாசத்துக்கு, 15 சதவீத வட்டியில் பிரிச்சா உள்ளே சுமார் 4,200 ரூபாய் வட்டி இருக்கும். அதைக் கடைக்காரர் தள்ளுபடியாக் கழிச்சுக் காட்டுவார். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையில். பிராசஸிங் ஃபீஸ் 199 என்று வெச்சா, அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து மொத்தம் கிட்டத்தட்ட 1,000 ரூபாய். அதைவிட, "முழுசா இப்பவே கட்டுறேன், அந்தத் தள்ளுபடியை எனக்கே கொடுங்க" என்று கேட்டுப் பாருங்க. ரெண்டாவது, ஆன்சைட் போன நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டு வர்ற ஆம்ப். அது பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம்ம 230 வோல்ட் பிளக்கில் நேரா சொருகினா அன்னிக்கே கதை முடிஞ்சது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் விலையையும் கணக்கில் சேருங்க. ஆமா, நிறைய பேர் கேட்கற கேள்வி: சம்பள வருமானத்துக்கு எதிரா ஆம்ப் தேய்மானத்தைக் கழிக்க முடியாது. முயற்சி பண்ணாதீங்க.

தம்பிக்கு வருவோம். நான் பதில் சொல்லலை, ஒரு வேலை கொடுத்தேன். ரூம்மேட்டோட பழைய மாடலிங் ஆம்பை ஒரு மாசம் கடன் வாங்கு. தினமும் எத்தனை மணிக்கு, எந்த சவுண்டில், எவ்வளவு நேரம் வாசிச்சேன்னு ஒரு ஷீட்டில் எழுது. முப்பது நாள் கழிச்சு அனுப்பினான். 19 நாள் வாசிச்சிருக்கான். நல்ல பையன், என்னைவிடத் தேவலாம். மூணே சவுண்டுதான், அதிலும் பெரும்பகுதி சுத்தமான ஒலி. இதைப் பார்த்ததும், "அண்ணா, அப்போ எனக்கு அந்த 55,000-தானே?" என்று குதிச்சான். நேரம் எழுதியிருந்த பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். 19 நாளில் 15 நாள் ராத்திரி 10 மணிக்கு மேல, ஹெட்போனில்.

30,000 ரூபாய் ஆம்பை வாங்கியிருக்கான். மீதி 25,000-ஐ ஒரு எஃப்.டி.யில் போட்டு, ஆப்பில் அதுக்கு "தனி வீடு வந்த பிறகு" என்று பேர் வெச்சிருக்கான். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் காட்டினான்: மூணு சவுண்டைச் சேமிச்சுட்டு, மத்த குமிழ்கள் மேல எல்லாம் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கான்.