மாத்திரைக்கு முன் மரபணு

ஒரே நோய்க்கு ஒரே மருந்தை ஒரே அளவில் நூறு பேருக்குக் கொடுத்தால், நூறு பேரும் ஒன்றுபோல் குணமடைவதில்லை. சிலருக்குப் பயனே இராது. மிகச் சிலருக்கு மருந்தே நஞ்சாகிவிடும். "உடம்புவாகு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கூறும் இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு மரபணுக்களில் அடங்கியுள்ளது. மனிதனின் மரபணுத் தொகுதியில் உள்ள ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைப் படிக்கும் திட்டம் 2003-இல் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அதன் பின் மருத்துவத்தில் ஏற்பட்டுவரும் மாறுதல்கள் பல. நான் இங்கு ஒரே ஒரு மாத்திரையின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வலிப்பு நோய்க்கும் முக நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபின் நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆயினும் அரிதாகச் சிலருக்கு, மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தோன்றி, தீப்பட்டாற்போல் தோல் கொப்பளித்து உரிகிறது. 1922-இல் இந்நோயை விவரித்த இரு அமெரிக்க மருத்துவர்களின் பெயரால் இது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் எனப்படுகிறது. முற்றினால் உயிரையே பறிக்கும். பிழைத்தவரிலும் சிலர் பார்வையை இழப்பதுண்டு.

2004-இல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் இந்நோய்க்கு ஆளான 44 பேரைச் சோதித்தனர். அத்தனை பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்னும் மரபணு வகை இருந்தது! மருந்தைத் தீங்கின்றி உட்கொண்ட 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது காணப்பட்டது. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் உள்ளன. அவை உருவாக்கும் புரதங்கள் உயிரணுவின் மேற்பரப்பில் நின்று, உள்ளே இருக்கும் பொருள்களின் துணுக்குகளை நோயெதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டுகின்றன. வாசற்காவலனிடம் அடையாளச் சீட்டைக் காட்டுவதுபோல எனலாம். இக்குறிப்பிட்ட வகைப் புரதத்தில் கார்பமசெபின் வந்து ஒட்டிக்கொள்ளவே, சொந்தத் தோலையே பகையென்று கருதி அவ்வணுக்கள் தாக்குகின்றன.

தைவானில் 23 மருத்துவமனைகளில் 4,877 பேருக்கு முன்கூட்டியே இச்சோதனை செய்யப்பட்டது. 7.7 சதவீதத்தினரிடம் அவ்வகை இருந்ததால் அவர்களுக்கு இம்மருந்து தவிர்க்கப்பட்டது. பழைய கணக்கின்படி சுமார் 10 பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை. 2011-இல் இம்முடிவு வெளியாயிற்று.

எனினும் எல்லா நாட்டவருக்கும் இதே சோதனை பொருந்தாது. ஐரோப்பியரிடம் இவ்வகை மிக அரிது. கார்பமசெபின் ஒவ்வாமையோடு அவர்களிடம் தொடர்புடையதாக 2011-இல் அறியப்பட்டது எச்.எல்.ஏ.-ஏ 31:01 என்னும் வேறு வகை.

ஹாங்காங்கில் நடந்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. அங்கு 2008-இல் இச்சோதனை கட்டாயமாக்கப்பட்டது. கார்பமசெபினால் வரும் தோல் நோய் மறைந்தது. வெற்றிதானே என்று நினைப்போம். ஆனால் 2014-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்லிற்று. மருத்துவர்கள் பலர் சோதனைக்கு எழுதுவதை விட்டு, சோதனை வேண்டாத பெனிட்டாயின் முதலிய மருந்துகளை எழுதத் தொடங்கினர். பெனிட்டாயினும் இதே தோல் நோயை உண்டாக்கவல்லது! ஆகவே வலிப்பு மருந்துகளால் இந்நோய்க்கு ஆளானோரின் மொத்த விகிதம் குறையவேயில்லை. ஆய்வுக்கூடம் கண்டறிந்தது சரியே. மருந்துச் சீட்டு எழுதப்படும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் திட்டமிட்டவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தனைக்கும் மரபணு மாறுவதில்லையாதலால், இச்சோதனையை ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்.

அதே 2014-இல் பெனிட்டாயினுக்கும் ஒரு மரபணுத் தொடர்பு வெளியாயிற்று. அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி ஒன்றின் மரபணு சிலரிடம் மந்தமான வகையாக உள்ளது. அவர்களின் இரத்தத்தில் மருந்து நெடுநேரம் தங்கிவிடுகிறது. தோல் நோய்க்கு ஆளாகும் வாய்ப்பும் அவர்களுக்கே மிகுதி.