நிறுவிய மென்பொருள் எங்கே போனது? லினக்ஸில் 'பாத்' சூழல் மாறி

தமிழில் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு 'டெக்ஸ்லைவ்' என்னும் அச்சுக்கோப்புத் தொகுப்பு நல்ல துணை. 2004-இல் வெளிவந்த 'ஸீடெக்' ஒருங்குறித் தமிழை நேரடியாகக் கையாளும். அதுவும் இத்தொகுப்பில் அடங்கும். அடிக்குறிப்பு, பொருளடக்கம், பக்க எண் யாவையும் தானே ஒழுங்குபடுத்தித் தரும்.

ஆனால் லினக்ஸில் இதனை நிறுவியவர் பலர், முதல் கட்டளைக்கே 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்ற பதிலைக் காண்கின்றனர். உடனே அனைத்தையும் அழித்துவிட்டுப் பல கிகாபைட்டுகளை மீண்டும் பதிவிறக்குகின்றனர். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கும் வேளையில் ஓர் இரவு இப்படியே கழிந்துவிடும். நான் கண்டவரை, பெரும்பாலும் மென்பொருளில் பழுதில்லை; அது இருக்கும் இடம்தான் 'ஷெல்'லுக்குத் தெரிவதில்லை.

ஷெல் எப்படித் தேடுகிறது?

நாம் தட்டச்சிடும் கட்டளையைப் படித்துச் செயல்படுத்தும் நிரலே ஷெல். அது வட்டு முழுவதையும் தேடாது. 'பாத்' என்ற சூழல் மாறியில் உள்ள அடைவுகளை மட்டும், எழுதிய வரிசையிலேயே தேடும். சூழல் மாறி என்னும் இந்த ஏற்பாடு 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்து தொடர்கிறது.

ஜோர்ஜ்டவுனில் ஒருவரை லெபோ பாசாரிலும் லெபோ குவீனிலும் மட்டும் கடை தேடச் சொல்லி அனுப்பினால், லெபோ சூலியாவில் திறந்த புதுக்கடை அவர் கண்ணில் படாது. அப்படி ஒரு கடையே இல்லை என்பார். ஷெல்லும் அவ்வாறே.

டெக்ஸ்லைவின் சொந்த நிறுவி, நிரல்களை '/யூஎஸ்ஆர்/லோக்கல்/டெக்ஸ்லைவ்' அடைவினுள், 2024 போன்ற ஆண்டின் பெயரிலான அடைவில் வைக்கும். வழக்கமான பாத் வரிசையில் அது இராது.

மூன்று கேள்விகள்

(கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சிடவும், இங்கு ஒலிப்பு மட்டும் தரப்படுகிறது.)

1. மென்பொருள் இருக்கிறதா? 'எல்எஸ்' கட்டளையால் அந்த அடைவைப் பாருங்கள். பிறகு நிரலின் முழுப் பாதையையும் தட்டச்சிட்டு இயக்குங்கள். இயங்கினால் மறுபடி நிறுவத் தேவையில்லை.

2. ஷெல்லுக்கு என்ன தெரியும்? 'எக்கோ' என்று தட்டச்சிட்டு, இடைவெளி விட்டு, டாலர் குறியையும் பெரிய எழுத்தில் 'பாத்' என்பதையும் சேருங்கள். முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அடைவுகள் தோன்றும். புதிய அடைவு அங்கு உள்ளதா? பழைய பதிப்பே இயங்கினால் 'டைப் -ஏ' கட்டளையுடன் நிரலின் பெயரைத் தாருங்கள். அப்பெயருள்ள எல்லா நிரல்களும் வரிசையாக வரும். முதலில் வருவதே இயங்கும். ஆகவே புதிய அடைவைப் பட்டியலின் முன்னே சேர்க்க வேண்டும்.

3. எங்கே எழுதினோம்? முனையத்தில் 'எக்ஸ்போர்ட்' கட்டளையால் தந்த மதிப்பு, அச்சாளரத்தை மூடியதும் மறைந்துவிடும். நிலைக்க வேண்டுமானால், டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இல்ல அடைவின் '.புரொஃபைல்' கோப்பில் எழுதி, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். '.பாஷ்ஆர்சி' கோப்பில் மட்டும் எழுதினால், பட்டியலிலிருந்து திறக்கும் தொகுப்பிக்கு அது பெரும்பாலும் எட்டாது. முனையத்தில் இயங்கும் ஸீடெக், தொகுப்பியில் இயங்க மறுப்பதற்கு இதுவே காரணமாகலாம். தொடங்கும் வேளையில் தாய் நிரல் தரும் சூழலையே ஒரு நிரல் பெறுகிறது. முன்பே திறந்திருப்பவை மாறா.

ஓர் எச்சரிக்கை

புதிய அடைவை எழுதும்போது பழைய 'பாத்' மதிப்பையும் டாலர் குறியுடன் சேர்த்தே எழுதுங்கள். விட்டுவிட்டால் 'எல்எஸ்' கூடக் காணாமற்போகும். அப்போதும் கலங்க வேண்டாம். '/யூஎஸ்ஆர்/பின்/நானோ' என்று முழுப் பாதையுடன் தொகுப்பியைத் திறந்து அவ்வரியைத் திருத்தலாம்.

அடுத்த ஆண்டின் டெக்ஸ்லைவ் வேறோர் அடைவில் அமரும். அன்று அவ்வரியிலுள்ள ஆண்டையும் மாற்ற வேண்டும். எந்த மென்பொருளாயினும், அழிப்பதற்கு முன் இம்மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். மிஞ்சும் நேரம் ஆய்வேட்டுக்கு உதவட்டும்.