கெப் வாகனத்துக்குப் பெரிய டயர் பூட்டுதல்: வயலோரக் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. முன்னுரை

மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கின்றது. நெல் பெரும்பாலும் படுவான்கரையில் விளைகின்றது. சந்தையும் கடைத்தெருவும் பெரும்பாலும் எழுவான்கரையில் உள்ளன. முன்னர் ஓடத்திலும் பாதையிலும் ஏற்றி இறக்கிய விளைபொருள், 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வயலோரத்திலிருந்து நேரே வாகனத்திற் செல்லலாயிற்று. இதனால் கெப் வாகனம் கமக்காரருக்கு மண்வெட்டியைப் போன்றதொரு கமக் கருவியாகிவிட்டது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் புதிய வாகனம் வாங்க இயலாத கமக்காரர் பலர், கையிலுள்ள பழைய வாகனத்தையே திருத்திப் பயன்படுத்தலாயினர். அத்திருத்தங்களுள் ஒன்று, தொழிற்சாலையிற் பூட்டிய டயரைக் கழற்றிவிட்டு, 'ஓல் டெரெய்ன்' எனப்படும் பன்னில டயரைப் பெரிய அளவிற் பூட்டுதலாகும். சேற்றிற் புதையாமலும் கல்லில் அடிபடாமலும் செல்லலாம் என்பதே இதன் நோக்கம். இந்நோக்கம் நன்று. ஆயினும், அளவறியாது பூட்டப்படும் டயர் பணத்தை விழுங்குவதோடு, பாரமேற்றிய வாகனத்தில் உயிருக்கும் கேடு விளைவிக்கக்கூடும். ஆகவே, வாகனத்தின் வில்லையோ உடலையோ மாற்றாமல் எவ்வளவு பெரிய டயரைப் பூட்டலாம், அதனால் வரும் நன்மையும் தீமையும் யாவை என்பன இங்கு விளக்கப்படுகின்றன.

2. நிலத்தை அறிதல்

நெல்லுக்கு நிலமறிந்து இனம் தெரிவு செய்வது போல, டயரையும் நிலமறிந்தே தெரிவு செய்தல் வேண்டும். வாவியைச் சூழ்ந்த பகுதியில் மூவகை நிலத்தைக் காணலாம்.

முதலாவது, களுதாவளை போன்ற கரையோரக் கிராமங்களின் மணல் நிலம். மிளகாய், வெங்காயம், கத்தரி முதலியன இங்கே பயிராகின்றன. மணலில் டயர் புதைவதற்குக் காரணம் பிடிப்பின்மை மட்டுமன்று. சிறிய பரப்பில் அதிக பாரம் அழுத்துவதே முதன்மைக் காரணமாகும்.

இரண்டாவது, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, ஆயித்தியமலை முதலிய இடங்களுக்கு அப்பால் வட்டைகளுக்குச் செல்லும் கிறவல் வீதிகள். இங்கே குழியும் கூர்ங்கல்லும் டயரின் பக்கச்சுவரை வெட்டும்.

மூன்றாவது, வயற் களி. மழையில் நனைந்த களி டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். பள்ளம் நிறைந்த பின்னர் எந்த டயரும் வழுவழுப்பான உருளையாகிவிடும்.

பன்னில டயர் முதலிரண்டு நிலங்களுக்கும் ஏற்றது. அதன் கட்டைகள் வீதி டயரினும் பெரியன, பள்ளங்கள் அகன்றன, பக்கச்சுவர் பெரும்பாலும் தடித்தது. ஆயின் ஆழ்ந்த களியில் அது சேற்று டயருக்கு ஈடாகாது. சேற்று டயரோ தார் வீதியில் இரைச்சலிட்டு விரைவில் தேய்வதோடு, நனைந்த தாரிற் பிடிப்புங் குறைந்தது. நாள்தோறும் பாலங்கடந்து சந்தைக்குச் செல்லும் வாகனத்துக்கு அது பொருந்தாது.

3. டயரில் எழுதப்பட்டுள்ள எண்களை வாசித்தல்

டயரின் பக்கச்சுவரில் 205/80 ஆர் 16 என எழுதப்பட்டிருப்பின், 205 என்பது டயரின் அகலம் மில்லிமீற்றரில். 80 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. 16 என்பது றிம்மின் விட்டம் அங்குலத்தில். இவற்றைக் கொண்டு டயரின் முழு விட்டத்தை எவரும் கணக்கிடலாம்.

205இல் நூற்றுக்கு 80 பங்கு 164 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக இரு சுவர் 328. றிம் 16 அங்குலம், அஃதாவது 406 மில்லிமீற்றர். ஆகவே முழு விட்டம் 734 மில்லிமீற்றர்.

இதே வாகனத்துக்குப் பெரிய டயர்கள் சிலவற்றை ஒப்பிடுவோம்.

225/75 ஆர் 16: விட்டம் 744 மி.மீ.; நூற்றுக்கு 1.3 அதிகம், வாகனம் உயர்வது 5 மி.மீ.
215/85 ஆர் 16: விட்டம் 772 மி.மீ.; நூற்றுக்கு 5.1 அதிகம், வாகனம் உயர்வது 19 மி.மீ.
235/85 ஆர் 16: விட்டம் 806 மி.மீ.; நூற்றுக்கு 9.7 அதிகம், வாகனம் உயர்வது 36 மி.மீ.

விட்டம் கூடுவதிற் பாதியே வாகனத்தின் அடிப்பாகத்தை உயர்த்தும் என்பதைக் கவனிக்க. மிகப் பெரிய டயரைப் பூட்டியும் கிடைக்கும் உயர்வு இரு விரலகலத்தை அதிகம் தாண்டுவதில்லை.

4. பெரிய டயரால் இழக்கப்படுவன

எஞ்சினின் இழுவை பற்சக்கரங்களினூடாகச் சில்லுக்கு வருகின்றது. சில்லின் விட்டம் கூடுமளவுக்கு நிலத்தில் இழுக்கும் விசை குறையும். மேற்காட்டிய 806 மில்லிமீற்றர் டயரில், ஒவ்வொரு கியரிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு இழுவை இழக்கப்படுகின்றது. சேற்றிலிருந்து மீள்வதற்கெனப் பூட்டிய டயர், சேற்றிலேயே இழுவையைக் குறைத்துவிடுகின்றது. கிளச்சும் விரைவில் தேயும்.

பிறேக்குக்கும் இதே கணக்குப் பொருந்தும். அதே அழுத்தத்தில் மிதித்தால் முன்னர் நின்ற தூரத்தில் வாகனம் நில்லாது. நெல் மூடையேற்றி வரும்போது இவ்வேறுபாடு பெரிதாகும்.

வேகமானி தவறாகக் காட்டும். முள் 60 கிலோமீற்றரில் நிற்கும்போது வாகனம் உண்மையில் 66 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். ஓடிய தூரமும் குறைத்தே காட்டப்படுவதால், எண்ணெய் மாற்றும் தவணையும் தவறிப்போகும்.

இக்காரணங்களால், மாற்றமைக்கப்படாத வாகனத்தில் விட்டம் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கூடாதிருத்தல் பொதுவாகக் கொள்ளப்படும் எல்லையாகும். மேற்கண்ட மூன்றில் 225/75 மட்டுமே இவ்வெல்லைக்குள் அடங்குவது.

5. பாரச் சுட்டெண்

அளவுக்கு அடுத்து எழுதப்பட்டிருக்கும் எண்ணையே கமக்காரர் முதலிற் பார்த்தல் வேண்டும். அது டயர் தாங்கக்கூடிய பாரத்தைக் குறிக்கும். 102 என்றால் 850 கிலோகிராம். 106 என்றால் 950. 108 என்றால் 1,000. 110 என்றால் 1,060.

ஒரு வாகனத்தின் பின்னச்சு தாங்க அனுமதிக்கப்பட்ட பாரம் 1,900 கிலோகிராம் எனக் கொள்வோம். ஒவ்வொரு பின் டயரிலும் 950 கிலோகிராம் அமரும். ஆகவே 106க்குக் குறைந்த டயர் அவ்வாகனத்துக்கு உதவாது. தோற்றத்திற் பெரிதாக இருந்தாலும், சொகுசு ஜீப்புக்கெனச் செய்யப்பட்ட 102 சுட்டெண் டயரைப் பூட்டினால், பாரமேற்றிய ஒரு வெயில் நாளில் அது சூடேறி வெடிக்கக்கூடும். பார வாகனத்துக்கான டயர்களில் அளவுடன் 'எல்.டி.' அல்லது 'சி' என்ற குறி காணப்படும். அத்தகையவற்றையே வாங்குக.

டயர் பெரிதானமையால் ஏற்றும் பாரத்தைக் கூட்டலாகாது. மூடையொன்று 65 கிலோகிராம் எனக் கொண்டால், 15 மூடை 975 கிலோகிராம் ஆகும். வாகனம் ஏற்கக்கூடிய பாரத்தை அதன் வில்லும் அச்சும் பிறேக்கும் தீர்மானிக்கின்றன, டயரன்று.

6. பூட்டுமுன் சோதித்தல்

அ. றிம்மின் அகலம், தெரிவு செய்த டயருக்கு உற்பத்தியாளர் குறித்த எல்லைக்குள் இருத்தல் வேண்டும். ஒடுங்கிய றிம்மில் அகன்ற டயரைப் பூட்டினால் நடுப்பகுதி பிதுங்கித் தேயும்.

ஆ. ஒரு சில்லை மாத்திரம் முதலிற் பூட்டி, ஸ்ரியறிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்புக. சேற்றுக்காப்பு, உட்புற உறை, முன் கைகள் ஆகியவற்றில் டயர் உரசுகின்றதா எனப் பார்க்க. பின்னர் பாரமேற்றியும், ஒருபுறச் சில்லை மேட்டில் ஏற்றியும் மீண்டும் பார்க்க. வெறும் வாகனத்தில் உரசாதது பாரத்தில் உரசும். உரசினால் தகட்டை வெட்டுதலோ வில்லை உயர்த்துதலோ தீர்வன்று. சிறிய அளவே தீர்வு.

இ. நான்கு டயரும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். நாற்சில்லு இயக்கமுள்ள வாகனத்தில் முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால், இயக்கத்தைப் பகிரும் பற்சக்கரப் பெட்டி முறுகிப் பழுதாகும். மேலதிகச் சில்லையும் அதே அளவிற் பெறுக. அது தன் இடத்தில் அடங்குமோ எனவும் பார்க்க.

ஈ. டயரின் வயதைப் பார்க்க. பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு கிழமையையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. கட்டை உயரமாயிருந்தும் பக்கச்சுவரில் வெடிப்புக் கண்ட பழைய டயரை மலிவென்று வாங்கற்க.

உ. அளவை மாற்றுமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் விசாரித்தறிக. விபத்தின் பின் விசாரிப்பதிற் பயனில்லை.

7. காற்றே பெரிய டயர்

1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லுக்குப் பதிலாகக் காற்று டயரைப் பூட்டியது. குறைந்த அழுத்தத்திற் காற்றடைத்த அந்த டயர் மென்னிலத்திற் பரந்து பதிந்து இழுத்தது. அப்பாடம் இன்றும் கெப் வாகனத்துக்குப் பொருந்தும்.

ஒரு சில்லின் மேல் 500 கிலோகிராம், அஃதாவது ஏறத்தாழ 1,100 இறாத்தல் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 35 இறாத்தல் காற்றடைத்தால், டயர் நிலத்திற் பதியும் பரப்பு ஏறத்தாழ 31 சதுர அங்குலம். அதனை 20 இறாத்தலுக்கு இறக்கினால் பரப்பு 55 சதுர அங்குலமாகும். பணம் எதுவுஞ் செலவிடாமல் பதிவுப் பரப்பு ஒன்றே முக்கால் மடங்காகின்றது. மணலிற் புதையும் வாகனத்துக்கு இதனை விஞ்சிய உதவி பெரிய டயராற் கிடைப்பதில்லை.

ஆயினும் இதற்கு மூன்று நிபந்தனைகள் உள. வாகனம் வெறுமையாகவோ சிறு பாரத்துடனோ இருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்டலாகாது. தார் வீதி ஏறுமுன் மீண்டும் முழுக் காற்றை அடைத்தல் வேண்டும். ஆகவே காற்றுமானியும் சிறு காற்றுப் பம்பியும் வாகனத்தில் எப்போதும் இருத்தல் அவசியம்.

சாரதிக் கதவோரத்தில் ஒட்டப்பட்டுள்ள காற்றளவு, தொழிற்சாலை பூட்டிய டயருக்கு உரியது. 'எல்.டி.' டயர் அதே பாரத்தைத் தாங்குவதற்குப் பெரும்பாலும் அதனிலும் கூடிய காற்றை வேண்டும். விற்பனையாளரிடம் உற்பத்தியாளரின் பாரம்–காற்று அட்டவணையைக் கேட்டுப் பெறுக. காற்றைக் காலையில், ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க.

8. வயலும் வெள்ளமும்

பன்னில டயர் பூட்டிய துணிவில் வாகனத்தை வயலுக்குள்ளும் வரம்பின் மேலும் செலுத்தலாகாது. நனைந்த வரம்பு நொறுங்கினால் நீர் நில்லாது. காய்கறிப் பாத்தி நிலத்தில் சில்லோடிய தடம் இறுகி, வேர் இறங்காமலும் நீர் வடியாமலும் பயிரைக் குன்றச்செய்யும். வாகனம் கிறவல் வீதியின் எல்லையில் நிற்க. அங்கிருந்து வயலுக்கு உழவு இயந்திரப் பெட்டியோ லேண்ட்மாஸ்டரோ செல்க. அவற்றின் டயர் அதற்கென்றே அமைந்தது.

டயரிலப்பிய சேறு களைநெல்லின் விதையையும் பார்த்தீனியத்தின் விதையையும் வட்டைக்கு வட்டை கொண்டுசெல்லும். அகன்ற பள்ளமுள்ள டயர் அதிக சேற்றைக் காவும். ஒரு வட்டையினின்று வெளியேறுமுன் டயரைச் சுரண்டிக் கழுவுதல் அயற்கமக்காரருக்குச் செய்யும் கடமையாகும்.

மாரி வெள்ளத்தில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி போன்றவை நீரில் மூழ்குவதை யாவரும் அறிவர். ஓடும் வெள்ளம் 60 சென்ரிமீற்றர் இருந்தாற் போதும். பெரும்பாலான வாகனங்களை அது மிதத்தி அடித்துச்செல்லும். காற்று நிறைந்த பெரிய டயர் மிதப்பை மேலுங் கூட்டுமேயன்றிக் குறைக்காது. நீர் வடியும்வரை காத்திருத்தலே அறிவுடைமை. மூடை நனைந்தால் உலர்த்தலாம்; போன உயிர் மீளாது.

9. பராமரிப்பு

சில்லைப் பூட்டி 80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் சுரைகளை மீண்டும் இறுக்குக. 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் டயர்களை இடமாற்றுக. கட்டையின் உயரம் 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும் கழற்றுக. அதனைக் காட்டும் மேடுகள் பள்ளங்களுக்குள் அமைந்துள்ளன. வாவியோர உவர்நீர் பட்டால் அன்றே நன்னீராற் கழுவுக. இல்லையேல் றிம்மும் சுரையும் துருவேறும். கழித்த டயரை வளவில் எறியற்க. அதில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

10. முடிவு

தார் வீதியே பெரும்பாலான ஓட்டமாயின், தொழிற்சாலை அளவிலேயே பன்னில டயர் போதும். கிறவல் வீதியில் நாள்தோறும் செல்வோர், நூற்றுக்கு மூன்று பங்குக்குள் ஒரு படி பெரிய, பாரச் சுட்டெண் குறையாத டயரைப் பூட்டலாம். அதனிலும் பெரிது வேண்டுமெனத் தோன்றின், அவ்விடம் கெப் வாகனம் செல்லுமிடமன்று என அறிக. முதலில் ஒரு காற்றுமானி வாங்கி, சரியான காற்றில் ஒரு போகம் ஓடிப் பார்த்த பின்னரே டயருக்குப் பணஞ் செலவிடுதல் நன்று. மேலும் ஐயமுள்ளோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, வாகனத்தின் டயர் அளவையும் ஏற்றும் பாரத்தையும் செல்லும் வழியையும் கூறி ஆலோசனை பெறுவாராக.